கரிசல் மானாவாரியில் பருவம் தவறாத விதைப்பு

கோவில்பட்டி, விளாத்திகுளம், சாத்தூர் வட்டாரங்களின் கரிசல் காட்டில் பயிர் செய்வோருக்கு ஆண்டில் ஒரே பருவந்தான். வடகிழக்குப் பருவமழை ஐப்பசி தொடக்கத்தில், அதாவது அக்டோபர் 20-ஆம் தேதியையொட்டித் தொடங்குவது வழக்கம். கார்த்திகைக்குப் பின் மழை குறைந்துவிடும். விதைப்பில் பத்து நாள் பிந்தினால், கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் நிலத்தில் ஈரம் இருக்காது.

மழை பெய்தபின் விதைக்கலாம் என்று காத்திருப்பதில் ஒரு தொல்லை உண்டு. நனைந்த கரிசல் மண் காலிலும் கொழுவிலும் அப்பிக்கொள்ளும். அடைமழை பிடித்தால் பல நாட்களுக்கு ஏரோ டிராக்டரோ நிலத்தில் இறங்க முடியாது. ஆகவே, மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைப்பது சிறந்தது. சோளத்திற்குப் புரட்டாசி முதல் இரு வாரங்கள் ஏற்றவை.

சித்திரை முதல் ஆவணி வரை

இதற்கான வேலை கோடையிலேயே தொடங்குகிறது. கோடை மழை கிடைத்ததும் சரிவுக்குக் குறுக்கே உழவேண்டும். இதனால் மழைநீர் ஓடாமல் நிலத்திலேயே இறங்கும். களைகளின் வேர்களும், மண்ணில் உள்ள கூட்டுப்புழுக்களும் வெயிலில் காயும். ஆனி, ஆடியில் குப்பை அடித்துப் பரப்பலாம். ஆட்டுக்கிடை அமர்த்த வசதி இருந்தால் இன்னும் நல்லது. குளத்துக் கரம்பை கிடைக்கும் இடங்களில் அதையும் சேர்க்கலாம். ஆவணியில் கட்டிகளை உடைத்து நிலத்தைச் சமன் செய்து தயாராக வைத்திருக்க வேண்டும்.

விதையைக் கடினப்படுத்துதல்

ஒரு ஏக்கர் தனிச் சோளத்திற்கு 6 கிலோ விதை தேவை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் பொட்டாசியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட் கரைக்கவும். ஒரு கிலோ விதைக்கு 350 மில்லி கரைசல் போதும். ஆக, 6 கிலோ விதைக்கு ஏறத்தாழ 2 லிட்டர் கரைசல் வேண்டும். விதையை இதில் 6 மணி நேரம் ஊறவைத்து எடுத்து, நிழலில் பழைய பதத்திற்கு வரும்வரை உலர்த்தவும். இப்படிச் செய்த விதை வறட்சியைத் தாங்கி ஒரே சீராக முளைக்கும்.

ஆழமே காப்பு

மழைக்கு முன் விதைப்பதில் உள்ள அபாயம் ஏமாற்று மழைதான். மேல் மண் மட்டும் நனைந்தால் மேலாகக் கிடக்கும் விதை முளைவிட்டு, அடுத்த வெயிலில் கருகிவிடும். மறு விதைப்புக்கு விதைச் செலவும் கூலியும் இரட்டிப்பு. அதற்காக நகையை அடகு வைத்த குடும்பங்கள் கரிசல் ஊர்களில் குறைவல்ல. எனவே 5 சென்டிமீட்டர் ஆழத்தில் விதைக்கவேண்டும். சிறு தூறல் அந்த ஆழத்தை எட்டாது. நல்ல மழை பெய்து ஈரம் உள்ளே இறங்கினால்தான் விதை முளைக்கும். அந்த ஈரமே முளையைச் சில நாட்கள் காப்பாற்றும். இதற்கு கையால் வீசி விதைப்பதைவிட சாலில் விதைப்பதே ஏற்றது. நிலம் முழுவதையும் ஒரே நாளில் விதைக்காமல் இரு தவணையாகப் பிரிப்பதும், கொஞ்சம் விதையை இருப்பு வைப்பதும் புத்திசாலித்தனம்.

முளைத்த பின்

முதல் மழையிலேயே முளைத்த பயிர் குருத்து ஈயின் தாக்குதலுக்குப் பெரும்பாலும் தப்பிவிடும். பிந்தி விதைத்த பயிரில்தான் இந்தச் சேதம் அதிகம். பயிர் நெருக்கமாக இருந்தால் மூன்றாவது வாரத்திற்குள் கலைத்துவிடவும். பயிர் எண்ணிக்கை மிகுந்தால் இருக்கிற ஈரம் எல்லாவற்றுக்கும் போதாது.

மழை இடையில் நின்று இளஞ்சோளம் வாடினால், கால்நடைகளை அதில் மேயவிடக்கூடாது. வாடிய இளம் பயிரில் நச்சுத்தன்மை மிகும். மேய்ந்த மாடு சிறிது நேரத்திலேயே இறக்கக்கூடும். ஒரு பயிர் போனாலும் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். உழவு மாடும் கறவையும் போனால் குடும்பமே முடங்கிவிடும்.

விதைத்த கையோடு கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் பெற்று, கடைசித் தேதிக்கு முன் பயிர்க் காப்பீடும் செய்துகொள்ளுங்கள். மழை நம் கையில் இல்லை. ஆனால், மழை வரும்போது விதை மண்ணுக்குள் சரியான ஆழத்தில் காத்திருக்கும்படி செய்வது நம் கையில்தான் இருக்கிறது. அப்படிச் செய்தவர் களத்தில் தை மாதம் தானியமும், மாட்டுக்குத் தட்டைப் படப்பும் சேரும்.