இல்லிக்குடமும் ஆடும்

மாணாக்கரை வகுத்த நன்னூலார் கடைநிலையில் நால்வரை நிறுத்தினார். வார்த்ததை ஒழுகவிடும் இல்லிக்குடம் ஒருவன். ஒரு செடியில் வயிறார மேயாது செடிதோறும் வாய்வைக்கும் ஆடு ஒருவன். ஏனையோர் எருமையும் நெய்யரியும். உவமையளவில் இதனை விஞ்சுதல் அரிது. ஆயின், குடத்தில் ஓட்டை எவ்வாறு விழுந்தது என்பது இலக்கண நூலின் வினாவன்று. அது வைத்தியரின் வினா. அவ்வினாவுக்கு இந்நாளில் விடை விரைந்து கூறப்படுகின்றது என்பதே என் கவலை.

கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு கற்பனையன்று. 1902 இல் ஜோர்ஜ் ஸ்டில் என்னும் ஆங்கில வைத்தியர் லண்டன் விரிவுரைகளில் இத்தகைய பிள்ளைகளை விவரித்தார். மருந்தாலும் பயிற்சியாலும் பயனடைவோர் பலர். ஆனால் அப்பெயர் யாருக்கு இடப்படுகின்றது? கனடாவின் பிரித்தானியக் கொலம்பியா மாகாணத்திலே பாடசாலைச் சேர்க்கைக்கு டிசெம்பர் 31 எல்லை. ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்தோர் 2012 இல் வெளியிட்ட முடிவு இது: வகுப்பில் மூத்தவராகிய ஜனவரிப் பிள்ளைகளினும் இளையவராகிய டிசெம்பர்ப் பிள்ளைகளுக்கு இக்கோளாறு உண்டெனக் கூறப்பட்டமை ஆண்களில் நூற்றுக்கு 30 பங்கும், பெண்களில் 70 பங்கும் அதிகம். செப்டெம்பர் 1 எல்லையாகவுள்ள அமெரிக்க மாநிலங்கள் பற்றி 2018 இல் வந்த ஆய்விலே, ஓகஸ்டிற் பிறந்தோருள் பதினாயிரவருக்கு 85 பேர்; செப்டெம்பரிற் பிறந்தோருள் 64 பேர். பிறந்த மாதம் பார்த்து மூளைக் கோளாறு வருமா? (சோதிட அன்பர்கள் பொறுத்தருள்க.) ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஓராண்டு என்பது வாழ்நாளில் ஐந்திலொரு பங்கு. இளமை நோயென எண்ணப்பட்டிருக்கின்றது.

இவ்விடத்தில் ஆசிரியராகிய நம் பங்கு சிறிதன்று. வைத்தியர் பிள்ளையைக் காண்பது சிறிதுநேரம். அவர் பெரிதும் நம்புவது நம் குறிப்பையும் பெற்றோர் சொல்லையுமே.

நடுச்செவியில் நீர் தேங்கிய பிள்ளைக்கு ஆசிரியர் குரல் நீருக்குள்ளிருந்து வருவதுபோற் கேட்கும். ஒருநாள் கேட்கும், மறுநாள் மங்கும். ஆகவே “வேண்டுமென்றே கேளாதவன்” என்ற பட்டம் அவனுக்கு எளிதிற் கிடைக்கின்றது. வேறொன்று இதனினும் நுண்ணியது. செய்யுள் வாசிக்கையில் ஒரு மாணவன் இடையே நின்றுவிடுவான். கண் வெறித்திருக்கும், இமை துடிக்கும், சில விநாடி கழித்து ஒன்றும் நிகழாததுபோல வாசிப்பான். அவனுடைய பழைய தேர்ச்சியறிக்கையில் “பராக்குப் பார்ப்பவன்” என்றிருந்தது. பராக்குப் பார்ப்பவன் பெயர் சொல்லி அழைத்தால் திடுக்கிட்டுத் திரும்புவான். இவன் தோளைத் தொட்டபோதும் திரும்பவில்லை. அதனை எழுதித் தந்தையிடம் கொடுத்தேன். மூளையின் மின்னலைப் பதிவிலே அது வலிப்பின் ஒருவகை எனத் தெரிந்தது. அதற்குரிய மருந்து வேறு.

இதன் மறுபுறமும் உண்டு. மெய்யாகவே கவனக் கோளாறுடைய சிறுமி ஓடுவதில்லை, குழப்படி செய்வதில்லை. பின்வாங்கில் அமைதியாக அமர்ந்து ஆண்டாண்டாகப் பின்தங்குகின்றாள். எவருக்கும் தொல்லை தராமையால் எவரும் அவளை வைத்தியரிடம் அனுப்புவதில்லை. டிசெம்பர்ச் சிறுவனுக்கு வேண்டாத மருந்து. இவளுக்கு “மந்தம்” என்ற ஒரு சொல்.

வைத்திய நூல்கள் இக்கோளாற்றை முடிவுசெய்ய, குறிகள் ஆறு மாதமேனும் நீடிக்கவேண்டும், பன்னிரண்டு வயதுக்கு முன்னரே தோன்றியிருக்கவேண்டும், வீடு பாடசாலை என ஈரிடத்திலேனும் காணப்படவேண்டும் என்கின்றன. பாடசாலையில் மட்டும் ஆடாய்த் திரிபவனைப் பற்றி அப்பாடசாலையையும் சற்று விசாரிக்கலாம். குறிப்புக் கேட்டு வரும் பெற்றோருக்கு நான் பட்டப்பெயர் எதனையும் எழுதிக் கொடுப்பதில்லை. எந்த வேளையில், எந்தப் பாடத்தில், எத்தனை விநாடி என்பவற்றை எழுதுகின்றேன். அவற்றுக்கெல்லாம் மேலே, முதல் வரியில், பிள்ளையின் பிறந்த திகதி.