கலந்தும் பிரிந்தே நிற்கும் ஓக் மரங்கள்

ஐரோப்பியக் காடுகளில் ரோபர் ஓக், பெட்ரேயா ஓக் என்று இரண்டு மரங்கள் பல இடங்களில் அக்கம்பக்கமாகவே வளர்கின்றன. (நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கை இவற்றோடு சேர்க்கக் கூடாது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அந்த மரம் பெயரில் மட்டுமே ஓக்.) தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், இலையைக் கையில் எடுத்தால்தான் வித்தியாசம் தெரியும். ரோபர் இலைக்குக் காம்பு இருக்கிறதா என்றே தேட வேண்டும், சில மில்லிமீட்டர்தான். அந்த இடத்தில் இலையின் அடி இருபுறமும் சிறு காதுமடலாகப் புடைத்திருக்கும். பெட்ரேயாவுக்கோ ஒரு சென்டிமீட்டரைத் தாண்டிய காம்பு உண்டு. இலை அதை நோக்கி ஆப்பாகக் குறுகி இறங்கும். ரோபர் இலையில் மடல்களின் நுனிக்குப் போகும் நரம்புகளோடு, இரு மடல்களுக்கு நடுவே உள்ள பள்ளத்துக்கும் சில நரம்புகள் ஓடும். பெட்ரேயாவில் இவை அரிது. கொட்டையில் கதை தலைகீழ்: ரோபரின் கொட்டைகள் நீண்ட காம்பில் தொங்கும், பெட்ரேயாவின் கொட்டைகள் கிளையோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

இவ்வளவு அடையாளம் இருந்தும் இவை இரண்டு இனங்களா, ஒரே இனத்தின் இரண்டு வகைகளா என்ற வழக்கு நீண்டகாலம் நடந்தது. லின்னேயஸ் 1753-இல் ரோபருக்குப் பெயரிட்டார். பெட்ரேயா தனி இனமாகப் பெயர் பெற்றது 1784-இல்தான். 1859-இல் வெளியான டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' நூலிலும், தேர்ந்த தாவரவியலாளர்களே இந்த ஓக்குகள் விஷயத்தில் இரு கட்சியாக நிற்பது எடுத்துக்காட்டாக வருகிறது. ஒன்றின் மகரந்தம் மற்றொன்றில் காய் பிடிக்கிறது, கலப்பு மரங்கள் முளைக்கின்றன, அவை மலடும் அல்ல. கலந்து இனம் பெருக்க முடியாதவையே தனித்தனி இனங்கள் என்ற பாடப்புத்தக வரையறையை அப்படியே பிடித்துக்கொண்டால், வழக்கு முடிந்தது, இரண்டும் ஒன்று. ஆனால் மரங்களை அளந்து பார்த்தால் அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை.

இலையை நம்பலாமா என்று முதலில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஒரே மரத்தில் வெயில் படும் உச்சி இலை சிறிதாகவும் தடிமனாகவும் இருக்கும், நிழலில் இருக்கும் அடி இலை அகன்று மெலிந்திருக்கும். ஒற்றை இலையை வைத்து இனம் சொல்கிறவர் ஏமாறத்தான் செய்வார். இதற்காகவே அந்துவான் கிரெமரும் சக ஆய்வாளர்களும் ஐரோப்பாவின் 9 கலப்புக் காடுகளில் மரத்தின் மேற்பகுதியிலிருந்து மட்டும் இலை பறித்தார்கள். ஒவ்வொரு மரத்திலும் பல இலைகள், ஒவ்வொரு இலையிலும் 14 அளவுகள். 2002-இல் வெளியான அந்த ஆய்வில், இரண்டு இனங்களும் ஒன்றில் மற்றொன்று கரையும் தொடர்ச்சியாகத் தெரியவில்லை. இரண்டு தனிக் குவியல்களாகவே விழுந்தன, இடைப்பட்ட மரங்கள் கொஞ்சம்தான். நாடு மாறினாலும் இது பெரிதாக மாறவில்லை. அதிகம் பிரித்துக் காட்டியவை காம்பின் நீளமும் பள்ளத்துக்கு ஓடும் நரம்புகளின் எண்ணிக்கையும். வெறும் மண்ணும் வெயிலும் செய்த வேலை என்றால் இப்படி ஊருக்கு ஊர் ஒரே கோடு விழாது.

மரபணுவைத் தேடிப் போனவர்களுக்குக் கிடைத்த முதல் சான்று எதிர்க்கட்சிக்கே சாதகமாக இருந்தது. இலையில் பச்சையத்தைத் தாங்கும் பசுங்கணிகத்துக்குத் தனி டிஎன்ஏ உண்டு. ஓக்கில் அது தாய் வழியாக, கொட்டை மூலமாக மட்டுமே அடுத்த தலைமுறைக்குப் போகிறது. ஒரே காட்டிலுள்ள ரோபருக்கும் பெட்ரேயாவுக்கும் பெரும்பாலும் ஒரே பசுங்கணிக டிஎன்ஏதான். தொலைதூரத்திலுள்ள தன் சொந்த இனத்தாரோடுதான் வேறுபாடு. இதற்கான விளக்கம் பனியுகத்தில் தொடங்குகிறது. ஸ்பெயின், இத்தாலி, பால்கன் பகுதிகளில் ஒதுங்கியிருந்த ஓக்குகள் குளிர் விலகியதும் வடக்கே பரவின. ஜே என்னும் பறவை கொட்டைகளைத் தூக்கிப் போய் மண்ணில் புதைத்து வைக்கும். எடுக்க மறந்தவை முளைக்கும். முந்திப் போய் இடம் பிடித்தது ரோபர். பின்னால் பெட்ரேயாவின் மகரந்தம் காற்றில் வந்து ரோபர் மரங்களில் தலைமுறை தலைமுறையாக விழுந்தது. மெல்ல மெல்ல உட்கருவின் டிஎன்ஏ பெட்ரேயாவினுடையதாக மாறியது, பசுங்கணிகம் மட்டும் ரோபர் தாயினுடையதாகவே நின்றுவிட்டது. என் கண்ணுக்கு இந்தக் கதையில் முக்கியமானது கலப்பு நடந்தது அல்ல. இவ்வளவு கலந்தும் முடிவில் வந்து நின்றது ஓர் அசல் பெட்ரேயா மரம் என்பதுதான்.

பிரித்து வைப்பது எது? இரண்டின் உட்கரு டிஎன்ஏவிலும் பெரும்பகுதி ஒன்றுபோலவே இருக்கிறது. கூர்மையான வேறுபாடு சில பகுதிகளில் மட்டும் குவிந்து கிடக்கிறது. இலை வடிவை ஆளும் இடங்களும் ஒன்றிரண்டு அல்ல, ஓக்கின் 12 ஜோடிக் குரோமோசோம்களில் பலவற்றில் சிதறியிருக்கின்றன. ரோபர் நீர் தேங்கும் கனத்த மண்ணைத் தாங்கும். பெட்ரேயா வடிகால் உள்ள சரிவையும் வறட்சியையும் தாங்கும். கலப்புக் கன்றுகளை இந்த மண் சலித்துவிடுகிறது. மற்ற மரபணுக்கள் தாராளமாகக் கடந்து போகலாம். வாழ்வுக்கு வேண்டிய அந்தச் சிலவும் அவற்றை ஒட்டியிருப்பவையும் அவ்வளவு எளிதாகக் கடப்பதில்லை. அப்படியானால் ஒருசில மரபணுக்களுக்காக ஓர் இனமா என்று கேட்கலாம். ஆயிரக்கணக்கான ஆண்டுக் கலப்புக்குப் பிறகும் காட்டில் இரண்டு குவியல் நிலைத்திருக்கிறது என்றால், திருத்த வேண்டியது நம் வரையறையைத்தான்.

பீப்பாய் செய்பவர்களுக்கு இது வெறும் பெயர்ச் சண்டை அல்ல. பிரான்சின் துரோன்சே காட்டுப் பெட்ரேயா மரம் மதுவுக்குத் தேங்காய் வாசனை தரும் லாக்டோனுக்குப் பேர்போனது. ரோபர் மரத்தில் துவர்ப்புப் பொருள் அதிகம். நிற்கும் மரத்தை இலையைப் பார்த்துப் பொறுக்கிவிடலாம். பலகையாக அறுத்து அடுக்கிய பின் மர ரேகையை வைத்து இரண்டையும் பிரிப்பது நம்பத்தக்கதாக இல்லை. அங்கே வேதிப் பரிசோதனையையோ டிஎன்ஏவையோதான் நாட வேண்டும்.