தானியங்கி கியர்பெட்டிப் பழுதறிதல்

தானியங்கி கியர்பெட்டிப் பழுதறிதல் என்பது தானியங்கி கியர்பெட்டி கொண்ட மகிழுந்தில் தோன்றும் கோளாறின் காரணத்தை, பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே படிப்படியாகக் கண்டறியும் முறையாகும். ஒரே அறிகுறி பல காரணங்களால் தோன்றக்கூடும். எண்ணெய்க் குறைவால் ஏற்படும் வழுக்கலும், தேய்ந்த கிளட்ச் தட்டுகளால் ஏற்படும் வழுக்கலும் ஓட்டுநருக்கு ஒன்றுபோலவே தெரியும். முன்னதைச் சிறு செலவில் சரிசெய்யலாம். பின்னதற்குப் பெட்டியையே பிரிக்க வேண்டும். எனவே எளிய சோதனையில் தொடங்கிக் கடினமான சோதனைக்குச் செல்வதே இம்முறையின் அடிப்படையாகும்.

இயங்கும் விதம்

பேரளவில் உற்பத்தி செய்யப்பட்ட முதல் தானியங்கி கியர்பெட்டி, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1939 இல் அறிமுகப்படுத்திய ஹைட்ராமேட்டிக் ஆகும். இன்று வழக்கிலுள்ள நீர்ம அழுத்தப் பெட்டிகளில், எஞ்சினின் சுழற்சி முறுக்குவிசை மாற்றியின் வழியாகக் கோள்வகைப் பற்சக்கரங்களைச் சென்றடைகிறது. எண்ணெய் அழுத்தம் கிளட்ச்சுகளை இறுக்குவதாலும் தளர்த்துவதாலும் கியர் மாறுகிறது. அவ்வழுத்தத்தைக் கணினி, சொலினாய்டு வால்வுகள் மூலம் கட்டுப்படுத்துகிறது. ஆகவே பழுது எண்ணெயிலோ, மின்சுற்றிலோ, இயந்திரப் பாகங்களிலோ இருக்கலாம்.

எண்ணெய்ச் சோதனை

முதலில் எண்ணெயின் அளவும் நிலையும் பார்க்கப்படுகின்றன. அளவு குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சுவதால் அழுத்தம் குறையும். அளவு மிகுந்தாலும் எண்ணெய் நுரைத்து அதே விளைவு ஏற்படும். பல வண்டிகளில் எண்ணெய் சூடான பின், சமதளத்தில், எஞ்சின் ஓடும்போது அளக்க வேண்டும். சில வண்டிகளில் எஞ்சினை நிறுத்திய பின்னரே அளக்க வேண்டும். அளவுகோலே இல்லாத வண்டிகளும் உள்ளன. எனவே தயாரிப்பாளரின் கையேட்டைப் பின்பற்றுதல் அவசியம்.

* பழுப்பு நிறமும் கருகிய வாடையும் கிளட்ச் தட்டுகள் மிகுந்த வெப்பமடைந்ததைக் காட்டும்.
* பால் கலந்தது போன்ற இளஞ்சிவப்பு நிறம், எண்ணெயில் நீர் அல்லது ரேடியேட்டர் குளிர்விப்பு நீர்மம் கலந்ததைக் காட்டும்.
* எண்ணெயில் உலோகத் துண்டுகள் காணப்படின் உட்பாகங்கள் சிதைந்துள்ளன எனலாம்.

பழுதுக் குறியீடுகள்

ஐக்கிய அமெரிக்காவில் 1996 முதல் மகிழுந்துகளில் ஓபிடி-2 என்னும் பழுதறி முறைமை கட்டாயமாக்கப்பட்டது. கியர்பெட்டிக் குறியீடுகள் பல பி07 என்று தொடங்கும். பி0700 என்பது பொதுவான எச்சரிக்கை மட்டுமே. பி0730 தவறான கியர் விகிதத்தைக் குறிக்கும். குறியீடு பழுதுள்ள சுற்றைச் சுட்டுமேயன்றி, மாற்றவேண்டிய பாகத்தைச் சுட்டாது. சொலினாய்டுக்கான குறியீடு அறுந்த கம்பியாலும் தோன்றலாம்.

ஓட்டச் சோதனை

* எஞ்சின் வேகம் ஏறியும் வண்டியின் வேகம் ஏறாதிருத்தல்: கிளட்ச் வழுக்கல்.
* கியரில் இட்ட பின் வண்டி தாமதித்து நகர்தல்: அழுத்தக் குறைவு.
* வண்டி நிற்கும்போது எஞ்சின் அணைதல்: முறுக்குவிசை மாற்றியின் பூட்டு கிளட்ச் விடுபடாமை காரணமாகலாம்.
* ஒரே கியரில் நிலைத்திருத்தல்: பழுதை உணர்ந்த கணினி, பெட்டியைக் காக்க மேற்கொள்ளும் பாதுகாப்பு நிலையாக இருக்கலாம்.

அழுத்தச் சோதனை

இவற்றால் தெளிவு கிடைக்காதபோது, அழுத்தமானியைப் பொருத்தி எண்ணெய் அழுத்தம் அளக்கப்படுகிறது. எல்லாக் கியர்களிலும் அழுத்தம் குறைந்தால் பம்பு, வடிகட்டி அல்லது அழுத்தச் சீராக்கி ஐயத்திற்குரியது. ஒரு கியரில் மட்டும் குறைந்தால் அக்கியருக்குரிய கிளட்ச்சின் அடைப்பில் கசிவு இருக்கலாம். அழுத்தம் சரியாக இருந்தும் வழுக்கல் நீடித்தால் கிளட்ச் தட்டுகள் தேய்ந்திருக்கலாம். இந்நிலையில்தான் பெட்டியைப் பிரிப்பது பொருத்தமாகும்.