வலிய கயிறு

சுவிட்சர்லாந்தின் மலைப் பள்ளத்தாக்கிலுள்ள செர்மாட் என்னும் சிற்றூரில், முதுகில் மூட்டை சுமந்து சென்று மூன்று நாட்கள் தங்கினோம். பெட்ரோல் வண்டிகளுக்கு அங்கு இடமில்லை. அண்ணாந்து நோக்கின், 4,478 மீட்டர் உயர்ந்த மாட்டர்ஹார்ன் சிகரம் கண்ணைப் பறிக்கும்!

1865 ஜூலை 14 அன்று எழுவர் முதன்முதலாக அதன் உச்சியை எட்டினர். இறங்குகையில் ஒருவர் கால் வழுக்கினார்; கயிறு அறுந்தது; நால்வர் மாண்டனர். வலிய கயிறுகள் கைவசமிருந்தும், அவ்விடத்தில் கட்டியிருந்தது மெலிந்த கயிறே. அதன் துண்டை ஊர் அருங்காட்சியகத்தில் கண்டு கலங்கினோம்.

1889-இல் அக்கில்லே ராத்தி என்னும் குருவானவர், தேர்ந்த வழிகாட்டிகளுடன் மோன்தே ரோசா மலையைக் கடந்து இவ்வூரில் நலமாக இறங்கினார். உச்சிக்கருகே கடுங்குளிரில் ஓர் இரவைப் பாறை விளிம்பிலேயே கழித்தார். அவரே பின்னாளில் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர்!

மூன்றாம் நாள் நாமும் மேலேறினோம். நடுவழியில் எதிர்ப்பட்ட முதிய வழிகாட்டி ஒருவர் வானைச் சுட்டி, "திரும்பிவிடுங்கள்" என்றார். மனமின்றித் திரும்பினோம். மாலையில் பனிப்புயல் வீசிற்று.

அன்பார்ந்த பெற்றோரே! மலை காண விழையும் பிள்ளைகளைத் தடுக்க வேண்டா. மூத்தோர் சொல் கேட்டுத் திரும்பும் பணிவையும், குடும்பச் செபத்தையும் அவர்கள் இடையில் கட்டி அனுப்புங்கள். வலிய கயிறு வீட்டில் கிடக்க, மெலிந்ததை நம்பிப் போகலாகாது.