மரபுணர்த்தும் படநூல்களைத் தெரிவு செய்யும் நெறி: உத்திரமேரூர்க் குடவோலையை முன்வைத்து ஓர் ஆய்வு

இளஞ்சிறார்க்கு மரபறிவு ஊட்டும் வாயில்கள் பல. அவற்றுள் படநூல் தலையாயது. எழுத்தறியும் முன்னரே குழந்தை படத்தைப் படிக்கின்றது. கண்டதை உண்மையெனக் கொள்கின்றது. அப்பதிவைப் பின்னர்த் திருத்துதல் அரிது. ஆதலின், படநூலைத் தெரிவு செய்வதில் மூலச்சான்றை அறிந்த புலமைக்கும் பங்குண்டு. இதனைக் காஞ்சிபுரம் மாவட்டத்து இராசகுளம் முதலிய சிற்றூர்ச் சிறார்க்கு அண்மையிலுள்ள உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் கொண்டு ஈண்டு விளக்குவாம்.

இவ்வினா பிற நாடுகளிலும் எழுந்ததே. புவெர்த்தோ ரிக்கோத் தீவினரான பூரா பெல்பிரே 1921-இல் நியூயார்க் பொதுநூலகப் பணியில் சேர்ந்தார். தம் மக்களின் கதைகள் அங்குள்ள குழந்தை நூல்களில் இல்லாமை கண்டு, அவற்றை வாய்மொழியாகச் சொல்லி, 1932-இல் ஒரு கதையைப் படநூலாகவும் வெளியிட்டார். இலத்தீன் அமெரிக்க மரபினைச் சிறார்க்கு உணர்த்தும் நூல்களுக்கு 1996 முதல் அவர் பெயரால் பரிசு வழங்கப்படுகின்றது. ருடீன் சிம்சு பிசப் என்னும் அறிஞர் 1990-இல், குழந்தை நூல் தன்னைக் காட்டும் ஆடியாகவும் பிறரைக் காட்டும் பலகணியாகவும் அமைதல் வேண்டும் என விளக்கினார். இவ்வளவை கொண்டு நம் மரபினை நோக்குதல் தகும்.

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. இவை முறையே கி. பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்தவை. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. குடும்புதோறும் தகுதியுடையார் பெயர்கள் தனித்தனி ஓலையில் எழுதப்பெற்று, கட்டாகக் கட்டிக் குடத்தில் இடப்பட்டன. கோயில் நம்பிமாருள் மூத்தவர் குடத்தை அனைவரும் காண உயர்த்தினார். உள்ளிருப்பது இன்னதென்றறியாத சிறுவன் ஒரு கட்டினை எடுத்தான். அது வேறொரு குடத்தில் இட்டுக் குலைக்கப்பட்டபின், அதினின்று ஓர் ஓலையை எடுத்து மத்தியத்தன் கையிற் கொடுத்தான். அவன் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் ஏற்றுப் படித்தான். இங்ஙனம் தேர்ந்த 30 பேருள் 12 பேர் ஆட்டை வாரியத்திற்கும், 12 பேர் தோட்ட வாரியத்திற்கும், 6 பேர் ஏரி வாரியத்திற்கும் அமைந்தனர். பணிக்காலம் 360 நாள்.

இந்நிகழ்ச்சி படநூலுக்கென்றே அமைந்தது போன்றது. அதன் நடுவில் ஒரு சிறுவனே நிற்கின்றான். எனினும், இதனைத் தீட்டும் நூலை ஏற்குமுன் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும்.

முதலாவது, படம் சான்றோடு ஒத்துள்ளதா என்பது. ஊரார் வரிசையில் நின்று குடத்தில் ஓலை இடுவதாகப் படம் அமையின், அது இக்கால வாக்குச்சாவடியைச் சோழர் காலத்தில் ஏற்றிக் கூறலாகும். குடவோலை திருவுளச்சீட்டு முறை, வாக்களிப்பன்று. குடத்தை உயர்த்துதலும் விரல் விரித்து ஏற்றலும் வஞ்சனைக்கு இடமின்மை காட்டும் செயல்கள். இவற்றைத் தீட்டும் படமே கல்வெட்டின் உட்பொருளைக் காட்டுவதாம்.

இரண்டாவது, சொல் பற்றியது. 'குடும்பு' என்பதைச் சிறார் 'குடும்பம்' என மயங்குவர். ஊரின் முப்பது பகுதிகளையும் வரைந்து காட்டின் அம்மயக்கம் நீங்கும். 'வாரியம்' என்பதோ மின்சார வாரியம், குடிநீர் வாரியம் என இன்றும் வழங்குவது. பழஞ்சொல்லை நீக்கி எளிமை தேடும் நூலினும், அதனை இருத்திப் படத்தால் விளக்கும் நூலே கொள்ளத்தக்கது.

மூன்றாவது வினாவே முதன்மையானது: படத்தில் இல்லாதவர் யார்? 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம், சொந்த மனையில் வீடு, 35-க்கு மேல் 70-க்கு உட்பட்ட அகவை, வேதக்கல்வி ஆகியன தகுதிகள். நிலம் குறைந்தார்க்குக் கல்வி மிகுதியால் ஓரளவு தளர்வு உண்டு. ஊர் பிரமதேயமாதலின் சபை அந்தணர்க்குரியது. நிலமற்ற உழவரும், கைவினைஞரும், பெண்டிரும் அக்குடத்தில் பெயர் பெற்றிலர். இன்று இராசகுளத்துப் பள்ளியில் அமர்ந்திருக்கும் குழந்தைகளுட் பலர் அத்தகையோர் வழிவந்தோராதல் கூடும். 'நம் முன்னோர் அனைவரும் கூடித் தேர்ந்தனர்' எனக் கூறும் நூல் அக்குழந்தைக்குப் பொய்யாடி ஆகின்றது. விலக்கப்பட்டமையை மறைப்பது பெருமையைக் காப்பதுபோல் தோன்றினும், உண்மையில் அக்குழந்தையின் முன்னோரை இரண்டாம் முறை விலக்குவதேயாம்.

இதனாற் குடவோலையின் சிறப்பு குன்றாது. ஊர்ப்பணம் கையாண்டு கணக்குக் காட்டாதாரையும் அவர்தம் சுற்றத்தாரையும் விலக்கிய விதி இன்றும் வியத்தற்குரியது. சிறப்பையும் எல்லையையும் ஒருங்கே காட்டுதலே மரபுக்கல்வி. எதிரெதிர்ப் பக்கங்களில், ஒருபால் கோயில் மண்டபத்துச் சபையும், மறுபால் 1994-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் வழி அமைந்த கிராமசபையும் தீட்டப்படின், பின்னதில் தன் தாய் அமர்ந்திருத்தலைக் குழந்தை காணும். இடைப்பட்ட ஆயிரம் ஆண்டுகளில் மாறியது யாதென்பதைச் சொல்லாமலே உணரும்.

தமிழகப் பள்ளிகளில் 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் சிறு படநூல்களை வகுப்பறைக்குக் கொணர்ந்துள்ளது. நூல்கள் பெருகுங்கால் தெரிவும் செம்மையுறுதல் வேண்டும். தமிழாய்வு மாணவர் தத்தம் வட்டாரக் கல்வெட்டுகளைப் படநூல்களோடு ஒப்பிட்டு ஆசிரியர்க்குக் குறிப்புரை வரைந்து உதவின், அது சிறிய பணியன்று. உத்திரமேரூர்ச் சிறார்க்கோ இன்னும் ஒரு வாய்ப்புண்டு: நூலைக் கையிலேந்திச் சென்று கோயிற் சுவரோடு ஒப்பு நோக்கலாம். அங்ஙனம் சுவரெதிரே நின்று பொய்படாத நூலே தெரிவுக்குரியது.