ஜெயிக்க ஓடியவர்களும், தப்பிக்க ஓடியவர்களும்!

மேல்பட்டாம்பாக்கம்:-

கடலூர்- பண்ருட்டி ரோட்டில் விடியற்காலை பஸ்சில் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. நெல்லிக்குப்பம், மேல்பட்டாம்பாக்கம் பக்கத்து வாலிபர்கள் ரோட்டோரம் மூச்சிரைக்க ஓடுவார்கள். சிலருக்குப் போலீஸ் வேலை ஆசை. சிலருக்கு ராணுவம். சிலருக்கு மெடல் கனவு.

இவர்களும், இவர்களைப் பெற்றவர்களும் 2023-ம் ஆண்டின் கதையைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். இந்திய தடகளம் தலைநிமிர்ந்த ஆண்டு அது. தலைகுனிய வைத்த சம்பவமும் அதே ஆண்டில்தான் நடந்தது!

அடுக்கடுக்காய் பதக்கம்

முதலில் நல்ல சேதி.

2023 ஜூலையில் பாங்காக்கில் ஆசிய தடகளப் போட்டி நடந்தது. இந்தியா 27 பதக்கங்களை அள்ளியது. ஆகஸ்ட் 27-ந் தேதி ஹங்கேரி நாட்டு புடாபெஸ்ட் நகரில் நீரஜ் சோப்ரா ஈட்டியை 88.17 மீட்டர் தூரம் எறிந்தார். தங்கம்! உலக தடகளப் போட்டியில் தங்கம் வென்ற முதல் இந்தியர் அவர்தான்.

அடுத்து சீனாவின் ஹாங்சோவில் ஆசிய விளையாட்டு. அங்கே தடகளத்தில் மட்டும் இந்தியாவுக்கு 29 பதக்கம். அதில் 6 தங்கம், 14 வெள்ளி, 9 வெண்கலம்.

நம்ம தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் சளைக்கவில்லை. பிரவீன் சித்திரவேல் மே மாதம் கியூபாவில் மும்முறை தாண்டுதலில் 17.37 மீட்டர் தாண்டி தேசிய சாதனை படைத்தார். ஹாங்சோவில் வெண்கலம் வாங்கினார்.

டிக்கெட் பரிசோதகர்

ரெயிலில் டிக்கெட் கேட்டு வருகிறவரை நமக்குத் தெரியும். அந்த வேலை பார்த்தவர்தான் திருச்சி ராஜேஷ் ரமேஷ்.

புடாபெஸ்டில் 4x400 மீட்டர் தொடர் ஓட்டம். முகமது அனஸ், அமோஜ் ஜேக்கப், முகமது அஜ்மல் ஆகியோர் ஓடி முடித்து, கடைசியில் கட்டை ராஜேஷ் கைக்கு வந்தது. பக்கத்தில் ஓடியது யார் தெரியுமா? அமெரிக்கா! 2 நிமிடம் 59.05 நொடியில் முடித்து, அமெரிக்காவுக்கு அடுத்தபடி 2-வதாக வந்தது இந்திய அணி. அது அப்போதைய ஆசிய சாதனை. இறுதிப் போட்டியில் 5-வது இடம். ஹாங்சோவில் இதே நால்வர் தங்கம் வென்றனர்.

39 ஆண்டு கணக்கு

1984-ம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக். 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் பி.டி. உஷா 55.42 நொடியில் வந்தார். வெண்கலம் வாங்கிய ருமேனிய வீராங்கனைக்கு 55.41 நொடி. ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு! கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. பதக்கம் போனது.

உஷாவின் அந்த தேசிய சாதனையை 39 ஆண்டுகள் ஒருத்தராலும் தொட முடியவில்லை. 2023 அக்டோபர் 2-ந் தேதி ஹாங்சோ தகுதிச் சுற்றில் தொட்டார் கோவை வித்யா ராம்ராஜ். அதே 55.42 நொடி! மறுநாள் இறுதிப் போட்டியில் வெண்கலம். தொடர் ஓட்டங்களில் 2 வெள்ளி. அவருடைய அப்பா ஆட்டோ ஓட்டியவர்.

7 பேர் எங்கே?

இனி கெட்ட சேதி.

ஹாங்சோவில் தடகளப் போட்டிகள் தொடங்க 3 நாள் இருந்தது. செப்டம்பர் 26-ந் தேதி டெல்லி நேரு ஸ்டேடியத்தில் டெல்லி மாநில தடகளப் போட்டியின் கடைசி நாள். கழிப்பறையில் ஊசிகள் சிதறிக் கிடக்கும் வீடியோ ஏற்கெனவே பரவியிருந்தது. ஊக்கமருந்து தடுப்பு அதிகாரிகள் சோதனைக்கு வந்து இறங்கினார்கள்.

அவ்வளவுதான், ஸ்டேடியமே காலி! ஆண்கள் 100 மீட்டர் இறுதிப் போட்டிக்கு 8 பேர் வரவேண்டும். வந்தது ஒரே ஒருத்தர். தசைப்பிடிப்பு என்று மற்ற 7 பேரும் நழுவிவிட்டார்கள். இளம் பெண் ஒருவர் பந்தயம் முடிந்த பிறகும் நிற்கவில்லை. எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடிக்கொண்டே இருந்தார். மாதிரி எடுக்க வந்த அதிகாரி பின்னால் துரத்தினார்!

சிரிப்பாக இருக்கிறதா? கணக்கைப் பாருங்கள். 2023-ல் எல்லா விளையாட்டிலுமாக இந்தியாவில் 5,606 மாதிரிகள் சோதிக்கப்பட்டன. 3.8 சதவீதத்தில் தடை செய்யப்பட்ட மருந்து சிக்கியது. 5 ஆயிரத்துக்கு மேல் சோதனை நடத்திய நாடுகளில் இதுதான் அதிகம்.

ஏன் இந்தக் குறுக்கு வழி?

உலக மேடை வரை போகாத மாநிலப் போட்டியில் எதற்கு ஊசி? வேலைக்காகத்தான்! சர்டிபிகேட் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கும். ரெயில்வே, போலீஸ், ராணுவம் எல்லாவற்றிலும் வழி உண்டு. தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஒரு குடும்பமே தலைதூக்கும் விஷயம் என்பதால், அவசரப்படுகிறவர்கள் ஊசியில் விழுகிறார்கள். அதில் ஒருத்தன் ஏமாற்றி முந்தினால், விடியற்காலை நேர்மையாக ஓடிய இன்னொருத்தன் வேலையை இழக்கிறான்.

சிக்கினால் 4 ஆண்டு வரை தடை. சோதனைக்குப் பயந்து ஓடினாலும் அதே தண்டனை. "எனக்குத் தெரியாது, கோச் கொடுத்தார்" என்ற பேச்சு எடுபடாது. உடம்பில் என்ன இருந்தாலும் ஓடியவரே பொறுப்பு. சளி, காய்ச்சலுக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள்கூட தடைப் பட்டியலில் இருக்கலாம்.

எனவே பெற்றோர்களே, பிள்ளை "சத்து மாவு" என்று டப்பா கேட்டால், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகு காசு கொடுங்கள். ஊசி என்று யாராவது பேச்செடுத்தால் அந்தப் பயிற்சியே வேண்டாம். டாக்டரிடம் போனால், "இவன் போட்டியில் ஓடுகிறவன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.