ஆப்ஜெக்ட் ஊர்விட்டு ஊர் போவது எப்படி?

கணினியின் நினைவகத்தில் இருக்கும் ஓர் ஆப்ஜெக்டைக் கோப்பில் சேமிக்கவோ இணையம் வழியே அனுப்பவோ ஏற்ற பைட் வரிசையாக மாற்றுவதே சீரியலைசேஷன். அந்த வரிசையைப் படித்து ஆப்ஜெக்டை மறுபடி கட்டியெழுப்புவது டீசீரியலைசேஷன். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தின் தோல், காலணி ஏற்றுமதியில் இந்த இரண்டும் அன்றாட வேலை. ஜிஎஸ்டியின் மின்-இன்வாய்ஸ் முறையே அதற்குக் காரணம். 2020 அக்டோபர் 1 அன்று, 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்கு இது கட்டாயமானது. வரம்பு படிப்படியாகக் குறைந்து, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டிய நிறுவனங்களும் இதற்குள் வந்தன.

முகவரியை அனுப்ப முடியாது

கணக்கு மென்பொருளுக்குள் இன்வாய்ஸ் ஓர் ஆப்ஜெக்ட். விற்பவர், வாங்குபவர், சரக்குப் பட்டியல் ஆகியவை தனித்தனி ஆப்ஜெக்டுகள். இன்வாய்ஸுக்குள் இருப்பதோ அவற்றின் நினைவக முகவரிகள் மட்டுமே. ஆம்பூர் அலுவலகக் கணினியின் முகவரி வேறொரு கணினியில் எதையும் குறிக்காது. அதனால் சீரியலைஸ் செய்யும் நிரல் ஒவ்வொரு முகவரியையும் பின்தொடர்ந்து போய், அங்கே உள்ள தகவலையே எடுத்து எழுதுகிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இன்வாய்ஸ் தன் சரக்கைச் சுட்ட, சரக்கு மீண்டும் இன்வாய்ஸைச் சுட்டினால், பின்தொடர்வது முடிவில்லாமல் சுற்றும். ஜாவா நிரல்மொழியின் சொந்த முறை ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் ஓர் எண் கொடுத்து, இரண்டாம் முறை எதிர்ப்படும்போது அந்த எண்ணை மட்டும் எழுதுகிறது. ஜேசன் என்ற எழுத்துவழித் தகவல் வடிவத்தில் இந்த வசதி இல்லை. அங்கே தாய் ஆப்ஜெக்டுக்குள் சேய் அடங்கும் கிளை அமைப்பாகத் தகவலை முன்கூட்டியே வகுத்துக்கொள்ள வேண்டும்.

வழக்கமாக அனுப்பப்படுவது ஆப்ஜெக்டின் நிலைதான். அதன் மெத்தடுகள், அதாவது செயல்களுக்கான நிரல், போவதில்லை. கடவுச்சொல், தரவுத்தள இணைப்பு போன்றவற்றை விலக்கிவைக்க ஜாவாவில் ‘டிரான்சியன்ட்’ என்ற குறிப்பு இருக்கிறது.

பொது வடிவம்

1997-இல் வந்த ஜேடிகே 1.1 பதிப்பின் சீரியலைசேஷன் ஜாவா நிரல்களுக்காகவே அமைந்தது. வெவ்வேறு மொழிகளில் எழுதிய மென்பொருள்கள் பேசிக்கொள்ளப் பொது வடிவம் தேவை. வணிக ஆவணங்களுக்காக 1987-இல் எடிஃபேக்ட், 1998-இல் எக்ஸ்எம்எல், பிறகு டக்ளஸ் கிராக்ஃபோர்டு வகுத்த ஜேசன் என அவை வளர்ந்தன. ஜேசனில் ஓர் ஆப்ஜெக்ட் இப்படி இருக்கும்:

{"ஊர்": "ஆம்பூர்", "சரக்கு": "தோல் காலணி", "ஜோடி": 1200}

மின்-இன்வாய்ஸ் தேர்ந்துகொண்டதும் இதையே. நிறுவனத்தின் மென்பொருள் இன்வாய்ஸை ஜேசனாக்கிப் பதிவுத் தளத்துக்கு அனுப்புகிறது. தளம் அதை டீசீரியலைஸ் செய்து, ‘ஸ்கீமா’ எனப்படும் விதித்தொகுப்போடு ஒப்பிடுகிறது. விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, இன்வாய்ஸ் எண் ஆகிய நான்கிலிருந்து 64 எழுத்துகள் கொண்ட அடையாள எண் கணக்கிடப்படுகிறது. அதே இன்வாய்ஸ் மறுமுறை வந்தால் அதே அடையாள எண் கிடைக்கும். இரட்டிப்பு உடனே பிடிபடும். பிறகு தளம் டிஜிட்டல் கையொப்பமிட்டு, க்யூஆர் குறியீட்டுக்கான தகவலுடன் திருப்பியனுப்புகிறது.

கையொப்பம் பைட் வரிசையின்மீதே இடப்படுகிறது. ஜேசனில் ஓர் இடைவெளி கூடினாலும் பொருள் மாறாது, ஆனால் பைட் வரிசை மாறிவிடும். அதனால் சரிபார்ப்பவர் ஆப்ஜெக்டை மறுபடி சீரியலைஸ் செய்து பார்க்காமல், வந்த வரிசையை வந்தபடியே சோதிக்க வேண்டும்.

வழியில் தொலையக்கூடியவை

ஜேசனுக்குச் சரம், எண், உண்மை-பொய், வெறுமை, பட்டியல், ஆப்ஜெக்ட் ஆகியவை மட்டுமே தெரியும். தேதி என்ற வகையே இல்லை. ஆகவே மின்-இன்வாய்ஸில் தேதி, நாள்/மாதம்/ஆண்டு என்ற வரிசையில் சரமாகவே போகிறது. வெளிநாட்டு வாங்குபவருக்கு ஜிஎஸ்டி எண் கிடையாது. அந்த இடத்தில் ‘யுஆர்பி’ என்றும், மாநிலக் குறியீடாக 96 என்றும், பின்கோடாக 999999 என்றும் நிரப்ப வேண்டும்.

சதுர அடிக் கணக்கில் விற்கும் தோலுக்கு அளவும் விலையும் தசமத்தில் வரும். பல மொழிகள் ஜேசன் எண்ணை பைனரி வடிவில் ஏற்கின்றன, அதில் 0.1 துல்லியமாக அடங்காது. பணக்கணக்குக்குத் தனித் தசம வகையைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு. தமிழ் எழுத்திலும் கவனம் வேண்டும்: யுடிஎஃப்-8 முறையில் ‘ஆம்பூர்’ 7 குறியீடுகளாகி 21 பைட்டுகள் பிடிக்கிறது. எழுத்தெண்ணிக்கையும் பைட் எண்ணிக்கையும் ஒன்றென நம்பும் நிரல் பெயரை நடுவில் வெட்டிவிடும்.

காலப்போக்கில் ஆப்ஜெக்டின் அமைப்பும் மாறும். பழைய கோப்பைப் புதிய நிரல் படிக்க நேரும்போது உதவுவது பதிப்பு எண். மின்-இன்வாய்ஸ் ஜேசனில் அதற்கெனவே ஒரு புலம் இருக்கிறது.

வந்ததை நம்பலாமா?

எந்த வகை ஆப்ஜெக்டை உருவாக்க வேண்டும் என்பதை வரும் பைட் வரிசையே முடிவுசெய்தால் ஆபத்து. 2015 ஜனவரியில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கிறிஸ் ஃப்ரோஹாஃப், கேப்ரியல் லாரன்ஸ் இருவரும், பரவலாகப் புழங்கும் ஒரு ஜாவா நூலகத்தின் வகுப்புகளை (ஆப்ஜெக்டுகளுக்கான வார்ப்புகளை)ச் சங்கிலியாகக் கோத்தால், டீசீரியலைஸ் செய்யும் அந்தக் கணத்திலேயே தாக்குபவரின் கட்டளையை இயக்க முடியும் என்று காட்டினார்கள். அதன்பின் 2017-இல் வந்த ஜாவா 9, உள்ளே வரும் வகுப்புகளை வடிகட்டும் வசதியைத் தந்தது. பைத்தான் மொழியின் சீரியலைசேஷன் கருவியான ‘பிக்கிள்’ பற்றிய ஆவணமும் நம்பகமற்ற தரவைத் திறக்கக் கூடாது என்றே எச்சரிக்கிறது.

ஆகவே நிறுவனங்களுக்கிடையே போவது வெறும் தகவலாக இருக்க வேண்டும். எந்த வகுப்பு உருவாக வேண்டும் என்பதைப் பெறுபவரின் நிரலே தீர்மானிக்க வேண்டும். ஒவ்வொரு புலத்தின் வகையும் நீளமும் வரம்பும் ஸ்கீமாவோடு பொருந்திய பிறகே ஆப்ஜெக்ட் உயிர்பெற வேண்டும்.